வரகுக்கோழியும் தோட்டக்கள்ளனும்: கரிசல் பூமியில் பறவையை அடையாளம் கண்ட வரலாறு

ஒரு பறவையை அடையாளம் காண்பதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. கண்ட பறவையை அதுவரை கண்டு பழகிய மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது முதல் வேலை. அவ்வாறு பிரித்தறிந்ததை அடுத்தவருக்கும் விளங்கும்படி ஒரு பெயரில் கட்டி வைப்பது இரண்டாவது வேலை. பறவையியல் நூல்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் துப்பாக்கி, தொலைநோக்கி, அருங்காட்சியகம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதிவந்திருக்கின்றன. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் அந்த வரலாறு பாதியளவே பொருந்தும். இங்கே பறவையைப் பிரித்தறிந்தவர்கள் சோளக்காட்டுக்குக் காவல் இருந்தவர்களும், கண்ணி வைத்தவர்களும், புறவாசலில் பாத்திரம் துலக்கியவர்களும் ஆவர். துப்பாக்கியோடு வந்தவர்கள் அவர்களிடம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

கரிசல் என்பது ஈரம் பட்டால் காலில் அப்பிக்கொண்டு, காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும் கருமண். தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பகுதிகளும், விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர் போன்ற பகுதிகளும் இம்மண்ணைச் சேர்ந்தவை. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைக்கிறது. ஆற்றுப் பாசனம் அருகியிருப்பதால் விவசாயம் மானாவாரி, அதாவது வானத்தை நம்பிய புஞ்சை வேளாண்மை. இவ்வட்டாரத்தில் 'காடு' என்ற சொல்லுக்கு மரங்கள் அடர்ந்த வனம் என்று பொருள் கொள்ளக் கூடாது. பருத்திக்காடு, கம்மங்காடு, மல்லிக்காடு என விதைக்கும் நிலத்தையே மக்கள் காடு என்கிறார்கள். பறவையியலாளருடைய கண்ணுக்கு இந்த நிலம் மத்திய ஆசியாவின் புல்வெளிகளை ஒத்தது. மரம் குறைந்த, தொடுவானம் வரை பார்வை செல்லும் வெளி. வலசை வரும் பறவைகள் புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. விதைப்பும் அறுவடையும் ஏறத்தாழ அதே மாதங்களுக்குள் அடங்கிவிடுவதால், வெளிநாட்டுப் பறவையைக் கரிசல் விவசாயி வெள்ளாமையின் ஓர் அங்கமாகவே அறிந்திருந்தார். இந்த ஒத்திசைவு பெயர்களில் பதிந்து கிடக்கிறது.

பெயர் நிலைத்துப் பறவை மறைந்துபோவதற்கு இவ்வட்டாரத்திலேயே பெரிய சான்று ஒன்று உண்டு. கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் உள்ள கழுகுமலை, வெட்டுவான் கோயிலுக்காகவும் எட்டாம் நூற்றாண்டு அளவிலான சமணச் சிற்பங்களுக்காகவும் புகழ்பெற்றது. அங்குள்ள பழைய கல்வெட்டுகள் ஊரைத் திருநெச்சுரம் என்று குறிக்கின்றன. கழுகின் பெயர் பின்னால் வந்தது. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி இங்கு முருகனை வழிபட்டான் என்பது தலபுராணம் சொல்லும் விளக்கம். ஆயினும் தமிழில் கழுகு என்ற சொல், உயிருள்ள இரையைப் பிடித்துத் தின்னும் பெரிய வேட்டைப் பறவைக்கும் பிணந்தின்னியாகிய பாறுக்கும் பொதுவாக வழங்குவதால், மலைக்குப் பெயர் தந்த பறவை இன்ன இனம் என்று உறுதி கூற இயலாது. பாறுகளாக இருந்திருந்தால், அவற்றின் இன்றைய நிலை வெளிப்படையானது. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி மருந்தால் 1990களில் இந்தியா முழுவதும் பாறுகள் செத்து ஒழிந்தன. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டபோது, தமிழகத்தில் அவை நீலகிரி அடிவாரக் காடுகள் போன்ற சில இடங்களில் மட்டுமே எஞ்சியிருந்தன.

கரிசல் நிலப் பெயர்களில் முதலில் கவனிக்க வேண்டியது பயிரால் பெயர் பெற்ற பறவை. சோளக்குருவி என்றும் சூறைக்குருவி என்றும் அழைக்கப்படும் பறவை மைனா குடும்பத்தைச் சேர்ந்தது. தலையும் சிறகும் வாலும் கறுத்து, முதுகும் வயிறும் ரோஜா நிறத்தில் இருக்கும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரையுள்ள வறண்ட புல்வெளிகளில் வெட்டுக்கிளி பெருகும் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, கூட்டங்கூட்டமாக இந்தியா வந்து சேர்கிறது. சோளக்கதிர் பால் பிடிக்கும் வேளையில் நூற்றுக்கணக்கில் இறங்கி, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கதிரை உதிர்த்துவிட்டு ஒரே அலையாக எழும்பும் இதன் வழக்கத்தால்தான் சூறையாடுதல் பெயராயிற்று. சென்னை மாகாணத்து ஆங்கிலேயர்களும் தங்கள் மொழியில் இதைச் சோளப்பறவை என்றே சொல்லிவந்தார்கள். இதே பறவைக்குச் சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் கற்களைக் குவித்துக் கூடு கட்ட இடம் அமைத்துக் கொடுக்கிறார்கள், வெட்டுக்கிளியைத் தின்று புல்வெளியைக் காக்கிறது என்பதற்காக. பரணில் நின்று கவண் சுற்றியும் தகரம் தட்டியும் விரட்டிய கரிசல் சிறுவர்களுக்கு அது கொள்ளைக்காரன்; அங்குள்ள மேய்ப்பர்களுக்குக் காவற்காரன். இரண்டு தீர்ப்பும் அந்தந்த மாதத்துக்குச் சரியானவையே. கதிர் முற்றாத நாட்களில் சூறைக்குருவி கரிசலிலும் வெட்டுக்கிளியைத்தான் பொறுக்குகிறது.

வரகுக்கோழியின் கதை இதைக் காட்டிலும் ஆழமானது. கானமயில் எனப்படும் பெரும் பறவையின் குடும்பத்தில் மிகச் சிறியது இது. நாட்டுக்கோழி அளவு உடலும், ஓடுவதற்கேற்ற நீண்ட கால்களும் உடையது. மேற்கு, மத்திய இந்தியப் புல்வெளிகளில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆண் பறவை கறுப்பு வெள்ளை உடையணிந்து, காதுக்குப் பின்னால் கரண்டி முனை போன்ற இறகுகள் வளைந்து நிற்க, புல்லுக்கு மேலே ஆளுயரத்துக்கு எம்பி எம்பிக் குதித்துப் பெட்டையை அழைக்கும். ஒரே நாளில் ஐந்நூறு முறை வரையில் குதிப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து தெற்கே வரும்போது அந்தக் கோலம் கலைந்துவிடுகிறது. ஆணும் பெட்டையும் ஒன்றுபோலக் காய்ந்த புல்லின் நிறத்தில், கறுப்புக் கீற்றுகளோடு, வரகுத் தட்டைகளுக்குள் நின்றால் நாலடி தூரத்திலும் கண்ணில் படாமல் ஒடுங்கிவிடும். தென்னாட்டு மக்கள் கண்டது பெரும்பாலும் இந்த மங்கிய கோலத்தைத்தான். எனவே தோற்றத்தை வைத்துப் பெயரிட அவர்களுக்கு வழி இருக்கவில்லை. எங்கே காலில் மிதிபடுமளவு நெருங்கிப் படபடத்து எழும்பியதோ அந்த இடத்தையே பெயராக்கினார்கள். வரகு விளையும் மேட்டுப் புஞ்சைகள் தமிழகமெங்கும் இருந்தவை. ஆறு மாதம் வரை நிற்கும் அப்பயிர், மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும். உமி நீக்காத வரகு ஆண்டுக்கணக்கில் கெடாது என்பதால் கோபுரக் கலசங்களுக்குள் அதைப் போட்டு வைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. அறுவடை பிந்துகிற, ஆள் நடமாட்டம் குறைந்த, முழங்கால் உயரத்துக்குக் குறையாத பயிர் நிற்கும் புஞ்சைதான் அப்பறவைக்கு வேண்டியது. பெயரைக் கேட்டாலே பறவை ஒதுங்கும் இடமும் வரும் மாதமும் தெரிந்துவிடும். இதைவிடச் சுருக்கமான கள வழிகாட்டி எந்த நூலிலும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

இத்தகைய பெயர்களை முதலில் முறையாகத் தொகுத்தவர்களில் தாமஸ் ஜெர்டன் முக்கியமானவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த இவர், திருச்சிராப்பள்ளி, நெல்லூர், தலைச்சேரி எனப் பணிபுரிந்த இடங்களிலெல்லாம் பறவைகளைச் சேகரித்தார். தீபகற்ப இந்தியப் பறவைகளின் பட்டியலை 1839-40இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். பின்னர் 1862-64இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலை எழுதினார். ஒவ்வோர் இனத்துக்கும் லத்தீன் பெயருக்கு அடுத்து இந்துஸ்தானி, தெலுங்கு, தமிழ், கன்னடப் பெயர்களைக் கேட்டறிந்து கொடுத்தது அவர் செய்த நற்செயல். வரகுக்கோழி என்ற தமிழ்ப் பெயர் அச்சில் ஏறியது இவ்வழியில்தான். அக்காலத்து முறைப்படி அடையாளம் காண்பது என்றால் சுடுவது, தோலை உரித்துப் பதப்படுத்துவது, பஞ்சடைத்து லண்டனிலோ கல்கத்தாவிலோ உள்ள அருங்காட்சியகத் தோலோடு ஒப்பிடுவது என்பதே. தொலைவிலிருந்து பார்த்துச் சொன்ன செய்தியை யாரும் பொருட்படுத்தவில்லை. பறவையின் உயிர் போன பிறகே அதன் பெயர் உறுதியாயிற்று.

மக்கள் வைத்த பெயருக்கும் எல்லை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கரிசல் காடுகளில் குளிர்காலத்தில் தாழப் பறந்து திரியும் பூனைப்பருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தெலுங்கில் இதைப் பில்லி கெத்த என்பார்கள், பொருள் அதேதான். பயிரின் நுனியை உரசுவது போல் ஓசையின்றி மிதந்து வந்து, வெட்டுக்கிளியையோ எலியையோ கண்டதும் அப்படியே கீழே விழுந்து அமுக்குவதையும், ஆந்தையை நினைவூட்டும் வட்ட முகத்தையும் பார்த்தவர்களுக்குப் பூனையின் நினைவு வந்ததில் வியப்பில்லை. ஆயினும் அந்த ஒரு பெயருக்குள் மூன்று நான்கு இனங்கள் அடங்குகின்றன. சேற்றுப் பூனைப்பருந்து கண்மாய்களை ஒட்டித் திரியும். மாண்டேகு பூனைப்பருந்தும் வெளிறிய பூனைப்பருந்தும் புஞ்சைக் காடுகளில் திரியும். பிந்திய இரண்டில் வளர்ந்த ஆண்கள் சாம்பல் நிறம். மாண்டேகுவின் மேற்சிறகில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடும். வெளிறியதற்குச் சிறகு நுனியில் ஆப்பு வடிவில் கறுப்பு மட்டும் இருக்கும். பெட்டைகளும் இளம்பறவைகளும் இரண்டிலும் பழுப்பு. வாலடியில் வெள்ளைப் பட்டை. கன்னத்துக் கரும்பிறைக்குப் பின்னால் வெளிறிய கழுத்துப்பட்டை தெளிவாக இருந்தால் வெளிறியது என்று கொள்ளலாம். அதுவும் வெயில் சாய்ந்த வேளையில், பறவை திரும்பும் ஒரு நொடியில் பார்க்கக் கிடைப்பது.

இந்தக் குழப்பம் கரிசல் விவசாயிக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் சாம்பல் நிறப் பூனைப்பருந்தையும் பழுப்பு நிறப் பூனைப்பருந்தையும் வெவ்வேறு இனங்கள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பழுப்பு நிறத்ததற்கு 'வளையவால்' என்று பொருள்படும் தனிப் பெயரும் இருந்தது. படையிலிருந்து விலக்கப்பட்டு டெவன் பகுதியில் குடியிருந்த ஜார்ஜ் மாண்டேகு, கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்துவந்து வீட்டில் வளர்த்து, பழுப்புக் குஞ்சு இறகுதிர்த்துச் சாம்பல் ஆணாக மாறுவதைக் கண்ணாரக் கண்ட பிறகே, இரண்டும் ஓரினத்தின் ஆணும் பெண்ணும் என்று முடிவாயிற்று. 1802இல் அவர் வெளியிட்ட பறவை அகராதியில், அதுவரை அதனோடு குழப்பப்பட்டுவந்த இன்னொரு பூனைப்பருந்தையும் பிரித்துக் காட்டினார். அவர் பெயர் தாங்கி இன்று கரிசலுக்கு வருவது அந்த இனம். துப்பாக்கியும் தோலும் தீர்க்காத சிக்கலை, வீட்டுக் கூண்டில் பொறுமையாகக் காத்திருந்த ஒருவர் தீர்த்தார். பறவையறிதலின் வரலாற்றில் கொல்லைப்புறத்துக்கு உரிய இடத்தை இதற்கு மேல் வலியுறுத்த வேண்டியதில்லை.

பெயரின் வழியே பறவையையே மீட்டெடுத்த நிகழ்ச்சி அண்டை மாநிலத்தில் நடந்தது. பகலில் முட்புதருக்குள் ஒதுங்கியும் இரவில் திரிந்தும் வாழும் ஒரு சிறு பறவையை ஜெர்டன் கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கண்டு அனுப்ப, கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் எட்வர்ட் பிளைத் 1848இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1900க்குப் பிறகு யாரும் அதைக் காணாததால் அழிந்துவிட்டது என்றே கருதினார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பாரத் பூஷண், கடப்பை மாவட்டக் கிராமங்களில் படத்தைக் காட்டி விசாரித்துவந்தபோது, உள்ளூர்ப் பறவை பிடிப்பவர்கள் அதைக் கலிவிக்கோடி என்று அடையாளம் சொன்னார்கள். 1986 ஜனவரியில் அவர்களில் ஒருவர் இரவில் டார்ச் வெளிச்சத்தில் அப்பறவையை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்தார். கலிவி என்பது களாச்செடி. கோடி என்பது கோழி. வரகுக்கோழி என்ற பெயரை ஆக்கிய அதே மனம்தான் இங்கும் வேலை செய்திருக்கிறது: செடி இன்னது, அதனடியில் ஓடும் கோழி இது. எண்பத்தாறு ஆண்டுகள் அறிவியல் தொலைத்திருந்த பறவை அந்த மக்களின் பேச்சில் ஒருநாளும் தொலையவில்லை. அதன்பின் லங்கமல்லேஸ்வரா சரணாலயம் அமைந்தது, தெலுங்கு கங்கைக் கால்வாயின் பாதையும் மாற்றப்பட்டது.

கோவில்பட்டி வட்டாரத்துக்கு இந்நிகழ்ச்சி தூரத்துச் செய்தியாகத் தோன்ற வேண்டியதில்லை. இவ்வூர்களில் பலரது வீட்டுமொழியாகத் தெலுங்கு வழங்குகிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், ஆந்திரத்திலிருந்து குடிபெயர்ந்து வந்து கரிசலைத் திருத்திய மக்களின் கதையைக் 'கோபல்ல கிராமம்' நாவலில் எழுதினார். அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982இல் வெளிவந்தது. ஒரே களத்தில் ஒரே பறவைக்கு இரு மொழிப் பெயர்கள் வழங்கிய சூழல் இது. பிறர் நரிக்குறவர்கள் என்று அழைக்கும், தம்மை வாக்ரிகள் என்று அழைத்துக்கொள்ளும் மக்கள் மூன்றாவது மொழியையும் சேர்த்தார்கள். காடை, கௌதாரிகளின் குரலை அச்சாக எழுப்பி அவற்றை வலைக்குள் வரவழைத்த அவர்களுடைய பறவையறிவை எழுதி வைத்தவர் மிகக் குறைவு. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அத்தொழிலைக் குற்றமாக்கியது. சட்டம் தேவையானதே, ஆனால் தொழிலோடு சேர்ந்து அறிவும் போனது ஓர் இழப்பு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி, காட்டைவிட்டுப் புறவாசலுக்கு வரலாம். கரிசல் கிராமத்து வீட்டின் பின்பக்கம் என்பது ஒரு வேம்பு, ஒரு முருங்கை, பாத்திரம் துலக்கிய தண்ணீர் தேங்கும் மூலை, எருக்குழி, படப்பு என்னும் வைக்கோல் அல்லது சோளத்தட்டைப் போர், அதை ஒட்டிய தொழுவம் என்று அமைந்தது. சுற்றிலும் மைல்கணக்கில் நிழலற்ற வெளி. இரவில் பறந்து வலசை போகும் காட்டுப் பறவை ஒன்று விடிகிற வேளையில் இவ்வெளிக்கு மேலே சிக்கிக்கொண்டால், அது இறங்கக்கூடிய சருகும் ஈரமும் உள்ள ஒரே இடம் புறவாசல்தான். பசுமையான மலையடிவாரத்தில் கவனம் பெறாமல் போகும் பறவை, இங்கே வீட்டுப் பெண்களின் கண்ணில் பட்டுவிடுகிறது. அரிய பறவையைக் கொல்லைப்புறத்தில் காண்பது தற்செயல் என்று எண்ணுவோர் இந்த நில அமைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

அவ்வாறு வந்து சேர்வனவற்றுள் முதலிடம் தோட்டக்கள்ளனுக்கு. ஆறுமணிக் குருவி, பொன்னுத்தொட்டான் என்பனவும் இதன் பெயர்களே. மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிறதா என்று ஐயுறும்படிக் குட்டை. முதுகு பச்சை, தோளில் பளிச்சிடும் நீலத்திட்டு, நெஞ்சு மங்கிய மஞ்சள், வாலடி குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளைப் புருவம், தொண்டை வெள்ளை. வடக்கே இதை ஒன்பது நிறத்தான் என்ற பொருளில் நவரங் என்கிறார்கள். இவ்வளவு நிறமும் இருந்தும், முருங்கை நிழலில் சருகைக் கிளறிக்கொண்டு தத்தித் தத்திப் போகையில் தரையோடு தரையாகக் கரைந்துவிடும். குட்டை வால் மட்டும் மெல்ல மேலும் கீழும் ஆடி அதைக் காட்டிக்கொடுக்கும். கள்ளன் என்ற பெயர் இந்தப் பதுங்கலால் வந்தது. காலையும் மாலையும் ஆறு மணி அளவில் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவுவதால் வந்தது மற்றொரு பெயர். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, அக்டோபர் வாக்கில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்குகிறது. இரவுப் பயணத்தில் விளக்கொளியால் திசை தடுமாறி, சுவரிலோ கண்ணாடியிலோ மோதி, விடியற்காலையில் மாடிப்படியிலும் திண்ணையிலும் களைத்துக் கிடப்பதைத் தமிழகச் சமவெளி ஊர்களில் ஐப்பசிதோறும் காணலாம். கையில் எடுத்தவர்கள் முதலில் இதைக் கூண்டிலிருந்து தப்பிய வெளிநாட்டு வளர்ப்புப் பறவை என்று நினைப்பது வழக்கம்.

இதன் அறிவியல் பெயரில் கரிசல் மக்களுக்கு நெருக்கமான சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ 1816இல் இப்பேரினத்துக்குப் 'பிட்டா' என்று பெயரிட்டார். தெலுங்கில் பிட்ட என்றால் சிறு பறவை, குருவி. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை உள்ள இக்குடும்பத்துப் பறவைகள் அனைத்தையும் உலகத்து அறிஞர்கள் குறிக்கும் சொல், இடைசெவல் போன்ற ஊர்களில் தினமும் முற்றத்தில் குருவியைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டும் சொல்லாகவும் இருக்கிறது.

சாதாரண மனிதர் தாம் கண்ட பறவையை நூலைக்கொண்டு தாமே அடையாளம் காணும் காலம் இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அதன் தொடக்கப் புள்ளியாகச் சொல்லப்படுவது 1908 வாக்கில் பம்பாயில் சிறுவன் சாலிம் அலி காற்றுத்துப்பாக்கியால் வீழ்த்திய, தொண்டையில் மஞ்சள் தீற்றல் கொண்ட ஒரு சிட்டு. வீட்டில் யாருக்கும் அது எதுவென்று தெரியாமல், 1883இல் நிறுவப்பட்டிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றபோது, அதன் செயலாளர் மில்லார்ட் பெயரைச் சொன்னதோடு, இழுப்பறைகளைத் திறந்து பதப்படுத்திய பறவைகளையும் காட்டினார். 1941இல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் வண்ணப் படங்களோடு வந்த பிறகு, சுடாமல் பார்த்தே பெயர் சொல்வது பரவலாயிற்று. தமிழ்ப் பக்கத்தில் இதற்கு உரமிட்டவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912இல் திருநெல்வேலியில் பிறந்த அவர், 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். காக்கை, மைனா, அணில் என வீட்டைச் சுற்றி வாழ்வனவற்றையும் யானைக்கு நிகரான கவனத்தோடு பார்த்தது அவருடைய தனித்தன்மை. க. ரத்னம் ஊர் ஊராகத் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டி நூலாக்கியது ஜெர்டன் விட்ட இடத்திலிருந்து செய்த பணி எனலாம். அதற்குரிய பாராட்டு போதுமான அளவு கிடைக்கவில்லை.

அண்மைக் காலம் எண்ணிக்கையின் காலம். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு 2013இல் உலகளாவியதாகி இந்தியாவையும் எட்டியது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. மாதத் தேர்வு பொருத்தமானது. தை பிறக்கும்போது பூனைப்பருந்தும் சூறைக்குருவியும் கரிசலில் இருக்கின்றன. கைப்பேசியில் படமோ குரலோ கொடுத்தால் இனத்தின் பெயரைச் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. அரிதான இனம் என்றால் கணக்கெடுப்புத் தளங்களின் சரிபார்ப்பாளர்கள் சான்று கேட்கிறார்கள். ஜெர்டனின் காலத்தில் பஞ்சடைத்த தோல் வகித்த இடத்தை இன்று நிழற்படம் வகிக்கிறது.

கணக்கெடுக்க ஆள் கூடிய அதே காலத்தில் கணக்கில் வர வேண்டிய நிலம் மாறிவிட்டது. கோவில்பட்டியில் 1901இலிருந்து இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் பருத்திக்கும் சோளத்துக்கும் மானாவாரி ரகங்களைக் கண்டு தந்த இடம். அதன் சுற்றுவட்டத்திலேயே இன்று கம்பும் சோளமும் சுருங்கி மக்காச்சோளம் பரந்துகிடக்கிறது. வரகுப் புஞ்சை தேடினாலும் எளிதில் அகப்படாது. தரிசுகளைச் சீமைக்கருவேலம் மூடியது. கயத்தாற்றைச் சுற்றி 1980களின் பிற்பகுதியிலிருந்து காற்றாலைகள் நிற்கின்றன. பூனைப்பருந்து மரத்தில் அடைவதில்லை. இரவில் புல்வெளித் தரையில் கூட்டமாக அடையும் பறவை அது. குஜராத்தின் வேளாவதாரில் ஆயிரக்கணக்கில் அடைந்ததற்குக் காரணம், அங்கே வெட்டவெளிப் புல்லைப் பூங்காவாகக் காத்ததுதான். கரிசல் தரிசு வருவாய்ப் பதிவேட்டில் பயனற்ற நிலம் என்று இருப்பதால் அத்தகைய காவல் இதற்குக் கிடைக்கவில்லை. வரகுக்கோழியோ இந்தியா முழுவதும் சேர்த்து 700க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக 2018இல் வெளியான கணக்கெடுப்பு மதிப்பிட்டது. பெயரைத் தந்த பயிரும் பெயரைச் சுமந்த பறவையும் ஒன்றாகவே விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன.

புறவாசல் மட்டும் இன்னும் மாறாமல் இருக்கிறது. தோட்டக்கள்ளன் ஐப்பசியில் அங்கே இறங்கத்தான் செய்கிறது. களைத்துக் கிடக்கும் பறவையைக் கண்டவர்கள் பூனையையும் நாயையும் விலக்கி, காற்றுப் புகும் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல் விட்டு, பொழுது சாய்கையில் செடியடியில் திறந்துவிட்டால் போதும். பெரும்பாலும் அது அன்றிரவே பயணத்தைத் தொடரும். பிறகு ஒரு தாளில் தேதியையும் ஊரையும் குறித்துக்கொள்ளலாம். செயலி சொல்லும் பெயரை எழுதுவதற்கு முன்பு, வீட்டில் மூத்தவர் யாரேனும் அந்தப் பறவையை வேறு பெயரிட்டு அழைக்கிறாரா என்று கேட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.